பதினேழாம் நம்பர் கோட்டு

அங்காளம்மாள் செத்த நான்காம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், முதலாளி தனசேகர் என்னைக் கூப்பிட்டுப் பதினேழாம் நம்பர் கோட்டை இன்னொரு முறை வரைந்து தரச் சொன்னார். இந்த முறை முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் பட்டை இருக்கக் கூடாது. மூலையில் தேதி மட்டும் பழைய தேதியாக, டிசம்பர் பன்னிரண்டு என்று இருக்க வேண்டும்.

"பட்டையை அந்தம்மாவே வெச்சுத் தெச்சுக்கிச்சு. நம்ம கோட்டுல அப்படி எதுவும் கிடையாது. போலீஸ்ல படத்தைக் கேக்கறாங்க, குடுத்துட்டா முடிஞ்சுது," என்றார்.

நான் இடத்தை விட்டு நகரவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"யோசிக்காதம்மா. அந்தக் கோட்டை இங்க இருந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது யாரு? நீ. அதை அந்தம்மாவுக்குத் தூக்கிக் குடுத்தது யாரு? உங்கம்மா. உங்க ரெண்டு பேரையும் சேத்துத்தான் நான் காப்பாத்தறேன்."

கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் குதிரை என்பார்கள். தள்ளிய குதிரை நான்தான். குழி பறிக்கவும் என்னையே கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு என் மேசைக்குப் போனேன்.

எங்கள் கம்பெனி சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டின்மேல், ஒரு பல் டாக்டரின் மாடியில் இருக்கிறது. பத்து வருஷமாக நைட்டி தைத்தவர்கள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் பெண்கள் வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து வீட்டு ஆண்களின் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்த தனசேகருக்கு ஒரு யோசனை வந்தது. பெண்களுக்கென்றே ரெடிமேட் கோட்டு. யோசனை அவருடையது, படம் என்னுடையது. ஃபேஷன் டிசைன் படித்துவிட்டு மூன்று வருஷமாக நைட்டிக் கழுத்துக்குப் பூ வரைந்துகொண்டிருந்த எனக்கு அன்றுதான் உயிர் வந்தது.

அதற்குக் காரணம் படிப்பு மட்டும் இல்லை. என் அம்மா செல்லியம்மாள் விசைத்தறி ஓட்டுகிறாள். இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர், வருஷத்தில் பத்து மாதம் வடக்கே எங்கேயாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். வந்து போகும்போது நைந்த சட்டைகளை வீட்டில் விட்டுப் போவார். தறிக்குப் போகிற பெண்கள் எல்லோரையும் போல அம்மாவும் முந்தானையை இழுத்துச் செருகி, அதற்கு மேல் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் அந்தச் சட்டையோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட. டீசல் வாசம் வகுப்பு முழுக்க அடித்தது. "உங்கம்மா என்ன, கண்டக்டரா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம், இனிமேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதே என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்புறம் வரவே இல்லை. பன்னிரண்டாவதில் நான் பரிசு வாங்கிய அன்றைக்கும் வரவில்லை. அந்தச் சட்டையை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசும். பதினேழாம் நம்பர் கோட்டை நான் வரைந்தது அந்தக் கூச்சத்தில்தான்.

படத்தில் வரும் பெண் வேறு, ஊரில் இருக்கும் பெண் வேறு. நிஜப் பெண்ணின் உயரம் அவள் தலையைப் போல ஏழு மடங்கு இருந்தால் அதிகம். எங்களுக்கு ஒன்பது மடங்கு வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். கால் கரும்பு மாதிரி நீண்டிருக்கும். கண், மூக்கு தேவையில்லை. அப்படி ஒருத்தியைக் காற்றுக்கு எதிரே நடக்கவிட்டு, இடுப்பின் இரண்டு பக்கமிருந்தும் பட்டை எடுத்து, முதுகில் ஒரு முடிச்சுப் போட்டு, மீதியைப் பறக்கவிட்டேன். ஒரு பட்டைக்கு ஐம்பது அங்குலம் என்று பக்கத்தில் எழுதினேன். பறந்தால் அழகாக இருந்தது என்பதைத் தவிர அந்த நீளத்துக்கு வேறு காரணம் இல்லை.

கட்டிங் மாஸ்டர் கண்ணுசாமி படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது சக்கரத்துல மாட்டாதுங்களா?"

"ஸ்கூட்டியில சேலை கார்டு இருக்குதுங்க மாஸ்டர்."

அவர் முப்பது வருஷம் கத்திரி பிடித்தவர். தலையைச் சொறிந்துகொண்டு, படத்தில் இருந்தபடியே வெட்டினார். கனமான டிரில் துணி, எங்கும் இரட்டைத் தையல், பட்டை சேரும் இடத்தில் மூன்று தையல். முதல் கோட்டு தயாரானதும் தனசேகர் இரண்டு டெய்லர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பட்டையைப் பிடித்து இழுக்கச் சொன்னார். அவர்கள் காலை ஊன்றி இழுத்தும் ஒரு நூல் விடவில்லை. "ரெண்டு எருமை இழுத்தாலும் கிழியாது" என்று சிரித்தார். கிழியாது என்பதையே லேபிளில் போடலாம் என்று நான்தான் சொன்னேன்.

மாதிரிக்கு ஆறு கோட்டு தைத்தோம். அரக்கு நிறத்தில் இருந்ததை முதலாளியிடம் கேட்டு வாங்கி, பொங்கலுக்கு அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தோள் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"கெட்டியா இருக்குது சாமி. விசேசத்துக்குப் போட்டுக்கறேன்."

"விசேசத்துக்கு எதுக்கும்மா கோட்டு? தறிக்குப் போட்டுட்டுப் போ."

"தறிக்குப் பழசுதாஞ் சாமி நல்லது."

"இன்னும் அந்தச் சட்டையிலயே சுத்து. உனக்குன்னு ஒண்ணு கொண்டாந்து குடுத்தா அதுவும் ஆகாது." நான் கத்தினேன். என் கோபத்துக்கு அம்மா பயப்படுவாள். ஒன்பதாவது படித்ததிலிருந்தே அப்படித்தான். மறுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள், ஒரே ஒருநாள். அடுத்த வாரம் அது அங்காளம்மாள் உடம்பில் இருந்தது.

அங்காளம்மாள் எதிர் வரிசை லைன் வீட்டுக்காரி. பட்டறை முதலாளியான தறிக்காரர், தறி ஓட்டுகிறவர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடு. அம்மாவுக்கு அடுத்த தறி அவளுடையது. புருஷன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. காரியம் முடிந்த கையோடு அவன் துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஏரிக்கரையில் போட்டுவிட்டார்கள், எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாட்டிக்கொள்ள வீட்டில் ஒரு சட்டை மிஞ்சவில்லை. அம்மாதான் அப்பா சட்டைகளைக் கொடுத்து வந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தாலி இல்லாதவள் அடுத்தவள் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறாள் என்று தறிப்பட்டறையில் ஆம்பளைகள் ஆறு வருஷமாகக் கேலி பேசினார்கள். அவளும் சிரித்து மழுப்புவாள். ஆனால் வேலை முடிந்ததும் வாசலைத் தாண்டுவதற்குள் சட்டையைக் கழற்றிச் சுருட்டிவிடுவாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

கோட்டுப் போட்ட முதல் நாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, எனக்காக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"பாரு கண்ணு. இது எவ புருசன் சட்டையும் இல்ல. எனக்குன்னே தெச்ச மாதிரி இருக்குது."

அவள் குள்ளம். ஐந்தடி தேறாது. முடிச்சுக்குக் கீழே பட்டையின் இரண்டு முனையும் கெண்டைக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்தேன். என் கண்ணாலேயே பார்த்தேன். இடுப்பை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். அதற்குள் சேலம் பஸ் வந்துவிட்டது, ஓடிப் போய் ஏறிவிட்டேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாயங்காலம் மறந்துபோனது. அதற்கடுத்த நாட்களும் அப்படியே போயின.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்தது. இரண்டு தறிகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடம்தான் இருக்கும். மோட்டார் பெல்ட்டுக்கு மூடி இருக்க வேண்டும். அடிக்கடி ரிப்பேர் பார்க்க இடைஞ்சலாக இருக்கிறது என்று தறிக்காரர் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார். கீழே விழுந்த எதையோ எடுக்க அங்காளம்மாள் குனிந்திருக்கிறாள். முடிச்சு நெகிழ்ந்து ஒரு முனை பெல்ட்டில் போனது. சுவிட்ச் அந்தக் கோடியில் இருந்தது. யாரோ ஓடி நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு என்ன ஆனது என்று நான் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் முகத்தை மட்டும் காட்டினார்கள்.

அன்று அம்மா வீட்டுக்கு வந்தபோது வலது கையில் மூன்று நகம் பெயர்ந்திருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். கட்டி முடித்ததும் அவள் தானாகவே ஆரம்பித்தாள்.

"மாட்டறது எங்களுக்குப் புதுசா சாமி? மாசத்துக்கு ஒருக்கா எவளுக்காச்சும் மாட்டும். பழைய சட்டைன்னா டர்ருன்னு கிழிஞ்சு கையோட போயிரும், நாம இந்தப் பக்கம் உளுந்து எந்திரிச்சுக்குவோம். அதுக்குத்தான பழசாப் பாத்துப் போடறது. இது கிழியல சாமி. ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தேன். கிழியவே இல்ல."

பன்னிரண்டு வருஷம் அந்தச் சட்டையைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். அது எதற்கு என்று ஒருநாள் கேட்டதில்லை.

"ஏம்மா இதை எங்கிட்டச் சொல்லல?"

"அந்தச் சட்டப் பேச்சை எடுத்தாலே உனக்கு ஆகாதே," என்றாள் அம்மா. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "எங்கையாலதான குடுத்தேன். பாவம், ஆசையா இருக்கறாளேன்னு குடுத்தேன்," என்றாள்.

தறிக்காரர் மறுநாளே பெல்ட்டுக்கு மூடி போட்டுவிட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், ஆனால் போலீஸ் வந்தபோது மூடி இருந்தது. தாலியறுத்தவளுக்கு ரிப்பன் வைத்த கோட்டு கேட்டது, சீவிச் சிங்காரித்துக்கொண்டு தறிக்கு வந்தாள், செத்தாள் என்று அவர் டீக்கடையில் பேச, ஊரும் அதையே பேசியது. சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டே பேசியது. அங்காளம்மாளின் ஒரே மகள் சௌமியா, பன்னிரண்டாவது படிக்கிறவள், நடுவில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் தெரிந்துதான் வெள்ளிக்கிழமை நான் பென்சிலை எடுத்தேன். அதே ஒன்பது தலை உயரக்காரி, அதே நடை. பட்டை மட்டும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. டிசம்பர் பன்னிரண்டு என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. அம்மாவைப் போலீஸில் இழுத்துவிடுவார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் நிஜம். மறுபாதி, அந்தப் பட்டை என் தலையில் உதித்தது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான்.

தனசேகர் படத்தை உறையில் போட்டுத் தானே ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார். மீதி ஐந்து கோட்டிலும் பட்டையை வெட்டி எடுத்துவிடச் சொன்னார். கண்ணுசாமி மாஸ்டர் என் பக்கம் திரும்பாமலே வெட்டினார். பழைய படத்தைக் கிழித்துப் போடும்படி எனக்குச் சொல்லியிருந்தார்கள். காகிதம்தானே, ஒரு இழுப்பில் கிழிந்திருக்கும். என்னால் முடியவில்லை. நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சௌமியா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலையில் எண்ணெய் இல்லை, கண் உள்ளே போயிருந்தது. உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று கதவோரம் நின்றாள்.

"பெரியம்மா, பெரியப்பா சட்ட ஒண்ணு பழசா இருந்தாக் குடுங்க."

"எதுக்குச் சாமி?"

"தறிக்காரர் வந்திருந்தாருங்க. ஊட்டுல ஒரு ஆளாச்சும் தறி ஓட்டுனாத்தான் லைன் ஊடு குடுப்பாங்களாமா. நாளைக்கு ரெண்டு மணி சிப்டுக்கு வரச் சொல்லியிருக்கறாரு. பரீச்சை அன்னிக்கு மட்டும் லீவு கேட்டிருக்கறேன்."

அம்மா எழுந்து இரும்புப் பெட்டியைத் திறக்கப் போனாள். சௌமியா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எங்கம்மாவே அந்த ரிப்பனத் தெச்சு வெச்சுக்கிச்சுன்னு கம்பெனியில எழுதிக் குடுத்திருக்காங்களாமா. படமும் குடுத்திருக்காங்களாமா. எங்கம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியாதுங்க்கா. ஜாக்கெட்டு ஊக்குக்கூட நாந்தான் வெச்சுக் குடுப்பேன். நீங்க அங்கதான இருக்கறீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

பெட்டிக்குள் துணியைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. படம் கொடுத்த விஷயத்தை நான் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு சொல்லோடு என் வேலை தப்பும், என் பெயர் தப்பும், அம்மாவையும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். செத்தவள் எழுந்து வந்து சொல்லப் போவதில்லை. ஆனால் ஊசி கோக்கக் கண் தெரியாதவள் என்று அந்தப் பெண் சொன்ன பிறகு என்னால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"பட்டை நான் வெச்சது. இதுதான் நிஜப் படம். போலீஸ்ல இருக்கறதையும் நாந்தான் வரைஞ்சேன், வெள்ளிக்கிழமை. அது பொய்."

சௌமியா பிரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பறக்கும் பட்டையின் மேல் விரலை வைத்து, அது முடிகிற இடம் வரைக்கும் தடவிக்கொண்டு போனாள்.

"இவங்களுக்கு முகமே இல்லீங்களேக்கா," என்றாள். பிறகு, "அப்ப எங்கம்மா மேல தப்பு இல்ல, இல்லீங்களா?"

"இல்ல சௌமியா. துளிகூட இல்ல."

அவள் அங்கேயே கதவோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். பெற்றவள் செத்த அன்றைக்கும் இவள் அழவில்லை, கல் நெஞ்சுக்காரி என்று பேசியிருந்தார்கள். என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அழுது முடித்ததும் காகிதத்தை அதே மடிப்பில் மடித்தாள்.

"இத ஸ்டேசன்ல குடுத்து நீங்களே சொல்லுவீங்களாக்கா?"

"நாளைக்குக் காலையில போலாம். நான் வாரேன்."

"நானும் வாரேன்," என்றாள் அம்மா. "குடுத்தது நானுன்னு சொல்லோணுமல்லோ."

சௌமியா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டாள். "பத்து மணிக்குப் போனா ரெண்டு மணி சிப்டுக்குள்ள வந்தரலாமுங்க்கா," என்றாள்.

வேலை போய்விடும், கேஸில் என் பெயரும் வரும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. அதற்காக என்னை நானே வெறுத்தேன். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், அந்தப் பெண் நாளைக்கு அதே தறிக்குப் போகிறாள். என் உண்மையால் அதை மாற்ற முடியவில்லை.

பெட்டியில் இரண்டு சட்டைதான் இருந்தன. மற்றவை கிழிந்து கரித்துணியாகிவிட்டன. அம்மா ஒன்றை எடுத்துத் தோள் பக்கம் பிடித்து இழுத்தாள். தையல் அசையவில்லை. இன்னொன்றையும் இழுத்தாள்.

"ரெண்டும் இன்னும் பழசாகல," என்றாள்.

நான் நீல நிறச் சட்டையை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். தையல் பிரிக்கும் ஊசியை எடுத்துத் தோள், அக்குள், விலா என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று தையலில் இரண்டை அறுத்தேன். பட்டன்களைப் பிய்த்து ஒற்றை நூலில் மறுபடி தைத்தேன். கீழ் ஓரத்தில் நான்கு இடத்தில் பிளேடால் கீறிவிட்டேன். காகிதத்தில் வரையாமல், எதிரே நிற்கிற ஒருத்தியைப் பார்த்து நான் துணியில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. வெயில் தாழும் வரைக்கும் வேலை இருந்தது. சௌமியா எதிரே உட்கார்ந்து, அறுந்து விழும் நூலை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

முடித்ததும் அவளை நிற்க வைத்துச் சட்டையைப் போட்டுவிட்டேன். முழங்கால் வரை தொங்கியது. கையை மடித்துவிட்டுப் பட்டன் போட்டேன்.

"இழும்மா," என்றேன்.

அம்மா தயங்கினாள். மஞ்சள் துணி சுற்றிய அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் மறுபடி சொன்னேன். கிட்டே வந்து, சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். டர்ரென்று தோளிலிருந்து விலா வரைக்கும் பிரிந்து சட்டை அவள் கையோடு வந்துவிட்டது. சௌமியா நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா கிழிந்த துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு, அங்காளு, அங்காளு என்று அழுதாள்.

அவள் அழுது முடிக்கும் வரைக்கும் காத்திருந்து சட்டையை வாங்கினேன். நாளைக்கு வேண்டுமே என்று, பழையபடி மூன்றுக்கு ஒரு தையலாகப் போட்டுக் கொடுத்தேன்.